ஐந்தாம் அத்தியாயம்: சொந்த ஊரை விசாரித்தல்

முந்திய அத்தியாயங்களில் விண்ணப்பம் எழுதும் முறையைப் பற்றியும், நேர்முகப் பரீட்சையில் கைக்கொள்ள வேண்டிய நிதானத்தைப் பற்றியும் ஓரளவு விரிவாகவே சொல்லியாயிற்று. அவற்றைப் படித்த மாணவர்களில் பலர், அரசியல் ஆராய்ச்சிப் பயிற்சி என்றதுமே டில்லியை மனத்தில் கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பி.ஆர்.எஸ். என்னும் ஆராய்ச்சி நிறுவனம் 2010-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ‘லாம்ப்’ திட்டத்தில் சேர்ந்து, ஒரு பார்லிமெண்டு அங்கத்தினருக்கு உதவியாளராக அமர்ந்து, மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும் வரையில் அவருக்கு வேண்டிய கேள்விகளையும் உரைக்குறிப்புகளையும் தயாரித்துக் கொடுப்பது உயர்ந்த பயிற்சிதான். ஆயினும் அதற்குக் கையில் ஒரு பட்டம் இருக்க வேண்டும், வயது இருபத்தைந்தைத் தாண்டாதிருக்க வேண்டும், ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் டில்லியில் குடியிருக்கும் சௌகரியமும் வேண்டும். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ படித்துக்கொண்டு, பாடத்திட்டம் விதிக்கிற 60 மணி அல்லது 120 மணி நேரப் பயிற்சியை ஒரு கோடை விடுமுறைக்குள் முடித்துக் காட்ட வேண்டிய மாணவருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அவருக்குத் திறந்திருப்பது அவருடைய சொந்த ஊர். ஒரு பேராசிரியரையோ பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தையோ மேற்பார்வைக்கு அமர்த்திக்கொண்டு, தாம் பிறந்து வளர்ந்த ஊரின் அரசியலை விசாரிக்க விரும்பும் மாணவருக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

உதாரணத்திற்குக் கர்நாடகத்துக் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். பங்காருபேட்டையில் பெரிய இருப்புப்பாதையை விட்டுப் பிரிந்து, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று வரும் ரயில், மேற்கொண்டு போகத் தண்டவாளம் இல்லாமையால் நின்றுவிடுகிற இடம் அது. விடியுமுன்னே அங்கிருந்து புறப்படும் வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பி வருகிறவர்களின் பிள்ளைகளே இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி ஊரின் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு பிறந்தவர்கள். சுரங்கத்துச் சங்கு ஊதிக் கேளாதவர்கள். பாட்டன் இறங்கிய ஷாப்டின் இரும்புச் சட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே, அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, ஊரை விசாரிப்பதென்பது மதிப்பெண்ணுக்கான காரியமாக மட்டும் நின்றுவிடாது என்று நினைக்கிறேன்.

இந்த ஊரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அரசியல் ஆராய்ச்சி என்பது பல்கலைக்கழகத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வருகிற ஒரு வித்தை என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. தங்கவயலின் பழைய கதை அதை மறுக்கிறது. அயோத்திதாச பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, மறு ஆண்டு முதல் ‘தமிழன்’ என்ற பெயரில் 1914-இல் தாம் காலமாகும் வரை நடத்தியபோது, அதற்கு வாசகர்களையும் ஆதரவாளர்களையும் கொடுத்த இடங்களில் தங்கவயல் முதன்மையானது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்து, பகலெல்லாம் பூமிக்கடியில் பாறையைத் துளைத்த ஜனங்கள், மேலே வந்த பிறகு ஜாதியைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் சர்க்காரைப் பற்றியும் வாசித்து விவாதித்தார்கள். பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ஒரு கிளை மாரிகுப்பத்தில் இயங்கியது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற வெளியீட்டகம் பண்டிதரின் நூல்களை இவ்வூரிலிருந்து வெளியிட்டது. நின்றுபோன ‘தமிழன்’ பத்திரிகையை 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஞான. அலாய்சியஸ் இந்தப் பௌத்த இயக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி, பண்டிதரின் எழுத்துக்களைத் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் மூலம் வெளியிட முடிந்ததென்றால், பழைய இதழ்களைத் தகரப் பெட்டியில் வைத்துக் கரையான் அரிக்காமல் காத்த எளிய குடும்பங்கள் இருந்தன என்பதே அதற்குக் காரணம். ஆகவே மாரிகுப்பத்தில், தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டிய ‘லைன்’ ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையில் நோட்டுப்புத்தகத்துடன் உட்காரும் மாணவர், தமக்கு முன்னே அங்கே உட்கார்ந்து வாசித்தவர்கள் உண்டு என்ற மரியாதையுடன் உட்கார வேண்டும்.

இனிக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. பயிற்சியின் முதல் வாரம் முழுவதையும் இதற்கே செலவிட்டாலும் தவறில்லை. “தங்கவயலின் அரசியல் வரலாறு” என்று தலைப்புக் கொடுக்கிற மாணவர் 120 மணி நேரத்தில் ஒன்றும் முடிக்க மாட்டார். முடித்தாலும் அது பிறர் எழுதியதன் சுருக்கமாகவே இருக்கும். “1999-இல் இரட்டை இலைக்கு வாக்களித்த ஒரு லைனில், 2008-இல் அந்த வாக்குகள் எங்கே போயின?” என்று கேட்கிற மாணவருக்கோ நான்கு வாரமும் போதாதென்று தோன்றுமளவுக்கு வேலை இருக்கும், ஆயினும் ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஓர் அங்குலம் முன்னேறியிருப்பார்.

அந்தக் கேள்வியின் சுவாரசியத்தைச் சற்று விளக்க வேண்டும். கோலார் தங்கவயல் ஒரு தனித்தொகுதி. கர்நாடகத்துச் சட்டசபைத் தொகுதிகளில் இவ்வளவு விசித்திரமான ஜாதகம் உள்ளது வேறொன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் இங்கிருந்து சட்டசபைக்குச் சென்றிருக்கிறார். 1983-இலும், 1989-இலும், மறுபடி 1999-இலும் அண்ணா தி.மு.க. இங்கே வென்றது, கர்நாடகத்தில் ஒரு தமிழ்நாட்டுக் கட்சி வெல்வதென்றால் அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். இடையில் 1985-இல் மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. 2004-இல் குடியரசுக் கட்சி திரும்பி வந்தது. 2008-இலும் 2013-இலும் பாரதீய ஜனதா. 2018-இலும் 2023-இலும் காங்கிரஸ். சிவப்புக் கொடி, நீலக் கொடி, கறுப்பும் சிவப்பும் கலந்த கொடி, காவிக் கொடி, மூவர்ணக் கொடி எல்லாவற்றையும் ஒரே ஜனங்கள் ஒருவர் ஆயுட்காலத்துக்குள் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர் இதைச் சஞ்சல புத்தி என்று எழுதிவிட்டுப் போவார். அப்படி எழுதுவது எளிது. ஆனால் தொழிற்சங்கத்தில் ஒரு கொடியும் சட்டசபைக்கு ஒரு சின்னமும் என்று பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்லக்கூடிய கிழவர்களை நான் இதே ஊரில் சந்தித்திருக்கிறேன்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் அதில் விழுந்திருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டுத் தேர்தல், தொகுதிகளின் எல்லைகள் புதிதாக வரையப்பட்ட பின் நடந்தது. அதுவரை தனியே இருந்த பேத்தமங்கலம் தொகுதி அந்த மறுசீரமைப்பில் மறைந்தது. அதனைச் சேர்ந்த கிராமங்களில் ஒரு பகுதி தங்கவயலோடு இணைந்தது. எனவே 2004-இன் தங்கவயலும் 2008-இன் தங்கவயலும் பெயரளவில் ஒன்றே தவிர, வாக்காளர்கள் அளவில் ஒன்றல்ல. சுரங்க லைன்களின் ஜனங்கள் கட்சி மாறினார்களா, அல்லது கம்பும் கேழ்வரகும் விளைகிற கிராமங்கள் உள்ளே வந்ததனால் தராசு சாய்ந்ததா என்பதை மொத்தத் தொகையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதற்கு வாக்குச்சாவடி வாரியான கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்குக்குப் படிவம் 20 என்று பெயர். ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பதைக் காட்டும் இறுதி முடிவுத் தாள் அது. அண்மைய தேர்தல்களுக்குரியது மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். சாவடி எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடக் கூடாது. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையே எண்கள் மாறும், சாவடிகள் பிரியும், சேரும். பள்ளிக்கூடத்தின் பெயரைக் கொண்டும், வாக்காளர் பட்டியலின் பாகத்தில் எந்தெந்த லைன்கள் அடங்கியிருக்கின்றன என்பதைக் கொண்டுமே ஒப்பிட வேண்டும். இதைச் செய்வதற்கு ஊர்க்காரராக இருப்பது பெரிய சகாயம். டில்லியிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளர் வரைபடம் கிடைக்காமல் திண்டாடுகிற இடத்தில், மாரிகுப்பத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்ததும் எந்தத் தெரு என்று சொல்லிவிடும். வேட்பாளர்களின் சொத்து, கல்வி, அவர்கள் மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை அறிய அவர்கள் மனுவோடு இணைக்கும் பிரமாணப் பத்திரம் இருக்கிறது. 1999-இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்துப் பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நீதிமன்றம் வரை போய் வாதாடியதன் பலனாகவே அது நமக்குக் கிடைத்தது.

சர்க்கார் காரியாலயத்தில் முடங்கிக் கிடக்கும் காகிதத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. 2005-இல் வந்த அச்சட்டப்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி மனுச் செய்தால், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி வினவ இடமில்லை. மாரிகுப்பத்து மாணவர் மூன்று நுட்பங்களை நினைவில் வைக்க வேண்டும். கர்நாடக விதிகளின்படி மனு ஒரே பொருளைப் பற்றியதாகவும் நூற்றைம்பது வார்த்தைக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஆகவே ஆறு விஷயங்களை ஒரே மனுவில் அடைத்துத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, சட்டம் அனுமதிக்கும் பாஷைகள் ஆங்கிலம், ஹிந்தி, அப்பிரதேசத்தின் ஆட்சி மொழி ஆகியவையே. நம்மூரில் வீட்டில் பேசுவது தமிழானாலும் மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் போக வேண்டும். மூன்றாவது, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் சர்க்கார் கைக்கும், 1962-இல் மத்திய சர்க்கார் கைக்கும் மாறி, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. ஆதலால் லைன் வீடுகளையும் தொழிலாளர் பாக்கிகளையும் பற்றிய பல தாள்கள் டில்லியில் சுரங்க அமைச்சகத்தைச் சார்ந்தவை. நகரசபைக்கு எழுதிப் பயனில்லை. சுரங்கம் கழித்துப்போட்ட அரைத்த மண் குவிந்து நிற்கும் சைனைடு மேடுகளை எடுத்துக்கொண்டால் இரண்டு சர்க்கார்களும் சம்பந்தப்படுகின்றன: பதின்மூன்று மேடுகள் அடங்கிய சுமார் ஆயிரம் ஏக்கரில் மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய சர்க்காரின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை 2024-இல் இசைவு கொடுத்தது. காற்றடிக்கும் காலத்தில் அந்த மேட்டுத் தூசியைச் சோற்றோடு சேர்த்து உண்கிற வீடுகளில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதுகூட ஒரு பயிற்சிக்குப் போதுமான நல்ல கேள்வியே.

பழைய காலத்தைத் தேடுகிறவர் பெங்களூரில் விதான சௌதாவிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்குக் கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு போக வேண்டும். 1881-இல் தோன்றிய மைசூர் பிரஜா பிரதிநிதி சபையின் நடவடிக்கைக் குறிப்புகளில் சுரங்கத்து ஜனங்களைப் பற்றிய விவாதங்களைத் தேடிப் படிப்பது சுவையான வேலை. புறப்படுமுன் ஜானகி நாயர் மைசூர் ராஜ்யத்துச் சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றி 1998-இல் வெளியிட்ட நூலை வாசித்துவிட வேண்டும். அது எந்தத் தாள் எங்கே இருக்கிறதென்று காட்டும் கைவிளக்கு. அதைப் படிக்காமல் காப்பகத்துக்குப் போவது, விளக்கில்லாமல் ஷாப்டில் இறங்குவது போன்றது.

காகிதத்தைப் பற்றி இவ்வளவு போதும். மனிதர்களிடம் போவதே கடினம்.

நான் முதல் முதலாக இவ்வூரில் ஒரு முதியவரிடம் சென்றபோது, நாற்பத்திரண்டு வினாக்கள் அச்சிட்ட தாள்களைக் கையில் வைத்திருந்தேன். அவற்றைத் தயாரிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் தாள்களை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெறுமையாக இருந்ததைக் கண்டு திருப்திப்பட்டவர் போலத் திரும்பக் கொடுத்தார். பிறகு, “நீ எந்த லைனு, நைனா? யார் பேரன்?” என்றார். நான் சொன்னேன். என் பாட்டனார் எந்த ஷாப்டில் இறங்கினார், எந்த வருஷம் அவருக்கு மாரில் சளி கட்டியது, என் அத்தையை எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் எனக்கே அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரமாயிற்று. என் கேள்விகளுக்கு வந்தபோது அவர் குரல் மாறிவிட்டது. மேடையில் நின்று பேசும் சங்கத்துப் பாஷையில், எல்லாரும் அறிந்த பதில்களை வரிசையாக ஒப்பித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவருடைய மருமகள் கொடுத்த டீயைக் குடிக்கத் தொடங்கிய பிறகே அவர் சாதாரணமாகப் பேசினார். கூரையின் மேல் ஒரு கட்சிக் கொடி பறக்க, தாம் வேறு சின்னத்தில் குத்திவிட்டு வந்த கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான். அந்த நாற்பத்திரண்டில் ஒன்றுகூட அதைக் கேட்டிருக்கவில்லை.

இதிலிருந்து வினாத்தாளே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லோக்நீதி என்னும் டில்லி ஆராய்ச்சிக் குழு தேசிய அளவில் தேர்தல் ஆய்வு நடத்தும்போது, வாக்காளர் பட்டியலிலிருந்து ஒழுங்கான இடைவெளியில் பெயர்களைப் பொறுக்கியெடுத்து, அவரவர் வீட்டுக்கே பயிற்சி பெற்ற மாணவர்களை அனுப்புகிறது. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று அவர்கள் வாயால் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட ஒரு மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். தெருவில் எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கிற ஊரில் இந்த முறையின் அருமை விளங்கும். பத்துப் பேருடைய கதை வேண்டுமென்றால் திண்ணை. இருநூறு பேருடைய போக்கு வேண்டுமென்றால் பெட்டி. எது வேண்டுமென்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, மேற்பார்வையாளரிடம் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். பாதி வழியில் மாற்றினால் இரண்டும் கெடும்.

சொந்த ஊரை விசாரிக்கிறவருக்கு உள்ள தலையாய இடையூறு, அவருக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நினைப்பதுதான். “ஒனக்குத் தெரியாததா?” என்று ஒரு பெரியம்மா சொல்லி நிறுத்திவிட்டால், அந்த இடத்தில் தலையாட்டுகிற மாணவர் ஒரு பொக்கிஷத்தை இழந்தார். “தெரியாது, நீங்களே சொல்லுங்க பெரீமா” என்று குழந்தையைப் போலக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. இதற்கு எதிர்மாறான இடையூறும் உண்டு. நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர், உங்கள் சித்தப்பா எந்தக் கட்சியில் இருந்தார் என்பதை அறிந்தவர்கள் அதற்கேற்றபடிதான் பேசுவார்கள். அதை மாற்ற முடியாது. நோட்டுப்புத்தகத்தில் ஒவ்வொரு சம்பாஷணைக்கும் தலைப்பில், பேசியவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவை எழுதி வைக்கலாம். பின்னர் எழுத உட்காரும்போது அந்த ஒரு வரி வெகுவாக உதவும்.

வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். வயதானவர்களுக்கு 1946 என்பது எண் அல்ல. “நான் எங்கம்மா வயித்துல இருக்கசொல்ல சுட்டாங்களாம்” என்று ஒருவர் சொன்னால், ஆறு தொழிலாளர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட 1946 நவம்பர் 4-ஐக் குறிக்கிறார் என்று ஊகித்துக்கொண்டு, அவருடைய வயதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதற்காகக் கேள்வித்தாளுக்கு முன்பாகவே ஒரு சம்பவப் பஞ்சாங்கம் தயாரித்துக்கொள்வது நல்லது: 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் நடந்த வேலைநிறுத்தம், 1946-இன் துப்பாக்கிச் சூடு, 1956-இல் கம்பெனி போய் சர்க்கார் வந்தது, 1972-இல் புது நிறுவனம், 1987-இல் எம்.ஜி.ஆர். மறைந்தது, 1991-இன் காவிரிக் கலகம், 2000-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டது, 2001-இல் சங்கு நின்றது. தம்முடைய தகப்பனார் சொன்ன 1930-இன் கதையையும் தாம் கேட்டு வளர்ந்த 1946-இன் கதையையும் ஒன்றாகக் கலந்து சொல்கிறவர்களை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். அவர்களை அங்கேயே திருத்த முற்படாதீர்கள். கலந்து சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு, காப்பகத்துத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; எதை எதோடு கலந்தார் என்பதில் அவர் மனத்தில் நிற்கும் அரசியல் தெரியும்.

பெண்களிடம் பேசாமல் திரும்பி வராதீர்கள். சுரங்கத்தின் கதை ஆண்களின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. வேலைநிறுத்த நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது, கடைக்காரர் எத்தனை நாள் கடன் கொடுத்தார், கொடுக்க மறுத்தவரை அடுத்த தேர்தலில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வீட்டிலிருந்தவர்களுக்கே தெரியும். மாணவிகளுக்கு இங்கே இயல்பாகவே அனுகூலம் அதிகம். மாணவர்கள் தங்கள் தாயாரையோ அக்காளையோ அழைத்துக்கொண்டு போவதில் அகௌரவம் ஒன்றுமில்லை, நான் போயிருக்கிறேன்.

பேச்சைப் பதிவு செய்யுமுன் சம்மதம் கேட்க வேண்டும். கைபேசியை மேஜைமேல் வெளிப்படையாக வைத்து, “பதிவு பண்ணிக்கட்டுமா, தாத்தா? வேணாம்னா எழுதிக்கிறேன்” என்றால் போதும். கையெழுத்துக் கேட்பதில் இவ்வூரில் தனியான ஜாக்கிரதை வேண்டும். ஒரு காலத்தில் எண் பொறித்த வளையத்தைக் கையில் மாட்டிக் கணக்கெடுக்கப்பட்டவர்களின், கைரேகை கேட்டதற்காக வேலையை நிறுத்தியவர்களின் சந்ததியார் இவர்கள். பாக்கிப் பணம் என்றும் வீட்டுப் பத்திரம் என்றும் சொல்லி எத்தனையோ பேர் தாளை நீட்டிப் போயிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்று வற்புறுத்தினால், வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவில் ஏற்றுக்கொள்ள அனுமதி தரும்படி மேற்பார்வையாளரைக் கேட்டுப் பார்க்கலாம். நியாயத்தைச் சொன்னால் ஒப்புவார்கள். அறிக்கையில் பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். “மைசூர் மைனில் ஓய்வு பெற்ற, இரு முறை சிறை சென்ற, கண்ணிழந்த ஒருவர்” என்று எழுதினால் மாரிகுப்பத்தில் அவர் யாரென்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வேலை, லைன், வயது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையாவது மங்கலாக்க வேண்டும்.

கட்சிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வாக்குச்சாவடிக் கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் என்ற செய்தி பரவினால், எந்த லைனில் யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டு ஒருவர் அன்போடு வருவார்; பிரியாணி வாங்கித் தருவார்; பயணச் செலவுக்கென்று ஏதோ கொடுக்க முன்வருவார். பிரியாணியைப் பற்றி நான் கண்டிப்பாக இருக்க மாட்டேன். பணத்தை வாங்கிய நாளோடு உங்கள் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. அதன் பிறகு செய்வது வேறு தொழில். அதையும் செய்யலாம், ஆனால் முதல் தொழிலின் நோட்டுப்புத்தகத்தை இரண்டாவதற்குக் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம். தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டால் திண்ணை விசாரணையை வாக்குப்பதிவு முடியும் வரை நிறுத்தி வைப்பதே உத்தமம்.

பாஷையைப் பற்றி முன்பே குறிப்பாகச் சொன்னேன். தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் மட்டும் வைத்துக்கொண்டு தங்கவயலின் பாதி அரசியலைத்தான் படிக்க முடியும். நகரசபைத் தீர்மானங்கள், தாலுகா அலுவலகக் குறிப்புகள், பேத்தமங்கலப் பக்கத்துக் கிராமங்களின் பேச்சு எல்லாம் கன்னடம். சில வீடுகளில் தெலுங்கு. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் உருது. பள்ளியில் கன்னடம் படித்திருந்தும் அதைப் பரீட்சையோடு மறந்துவிட்ட மாணவர், பயிற்சிக்கு இரண்டு மாதம் முன்னிருந்தே தினம் ஒரு கன்னடப் பத்திரிகையை உரக்க வாசித்துப் பழகட்டும். தமிழ்க் கட்சி வென்ற தொகுதியைத் தமிழர்களிடம் மட்டும் கேட்டு எழுதினால், ஒரு கரையை மட்டும் பார்த்து ஆற்றின் அகலத்தைச் சொன்னது போலாகும்.

கைவிடப்பட்ட ஷாப்டுகளின் அருகிலும் பழைய ஆலைக் கட்டடங்களுக்குள்ளும் போட்டோ எடுப்பதற்காகப் போக வேண்டாம். அதற்கு அனுமதி வேண்டும், அபாயமும் உண்டு, உங்கள் கேள்விக்கு அங்கே பதிலும் இல்லை.

அன்றன்றைய குறிப்பை அன்றன்றே விரித்து எழுதிவிட வேண்டும். பெங்களூர் காப்பகத்துக்குப் போய்வருகிறவருக்கு ரயிலிலேயே நேரம் கிடைக்கிறது. உட்கார இடம் கிடைப்பது வேறு விஷயம். வாரத்துக்கொரு முறை மேற்பார்வையாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: இந்த வாரம் யாரிடம் பேசினேன், எந்தத் தாளைப் பார்த்தேன், நான் நினைத்திருந்ததில் எது தவறாகிவிட்டது. மூன்றாவதற்கு எழுத ஒன்றுமில்லாத வாரத்தை வீணான வாரமாகவே கருதலாம். இறுதி அறிக்கை இருபத்தைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் ஐந்து பக்கமாவது வாக்குச்சாவடி அட்டவணையாகவும், அதைத் தயாரித்த முறையின் விளக்கமாகவும் இருக்கட்டும். கோட்பாடுகளைப் பற்றிய அத்தியாயத்தைப் பேராசிரியர் கேட்டால் எழுதுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது ஆங்கிலப் பிரதியாகவோ கன்னடப் பிரதியாகவோ இருக்கலாம். அதே விஷயத்தைத் தமிழில் எட்டுப் பக்கத்தில் சுருக்கி, வயதானவர்கள் கண்ணாடியைத் தேடாமல் வாசிக்கத்தக்க பெரிய எழுத்தில் அச்செடுத்து, உங்களோடு பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாசிக்க முடியாதவருக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்தின் வலது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு அச்சிடுங்கள், கூடவே ஒரு பென்சிலும் கொண்டுபோங்கள். முதல் பக்கத்தைப் படித்து முடிக்குமுன்னே, “இது தப்பு, நைனா, அன்னிக்கு செவ்வாக்கிழம” என்று அவர் பென்சிலைக் கேட்டு வாங்குவார்.